எல்வா அந்த மண்டபத்தில்தான் இருந்தாள்

கிறிஸ்டோபர் பாவோலினியின் எராகன் வரிசை 2011 நவம்பர் 8 அன்று, ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்ற நான்காவது புத்தகத்தோடு முடிந்தது. அன்று தொடங்கி இன்றுவரை அந்த முடிவைப் பற்றி வாசகர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். அலகேசியா என்ற கற்பனை நாட்டை நூறாண்டு காலம் நசுக்கி வைத்திருந்த அரசன் கால்பட்டோரிக்ஸ் வாள்பட்டுச் சாகவில்லை, டிராகனின் தீயிலும் வேகவில்லை. கதாநாயகன் எராகன் விடும் ஒரு மந்திரத்தால் தான் செய்ததன் வலியைத் தானே உணர்ந்து, தாங்க முடியாமல் தன்னையே அழித்துக்கொள்கிறான். ஒருவன் மனம் உறுத்திச் சாவதைப் பார்க்கவா இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் புரட்டினோம் என்று கேட்கிறார்கள்.

முடிவு ஏமாற்றம்தான், அதில் எனக்கும் மறுபேச்சில்லை. ஆனால் ஏமாற்றம் அந்த மந்திரத்தில் இருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது இன்னொன்றுதான் உறுத்துகிறது. இந்தக் கதையில் மந்திரம் என்பது கணக்கு. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை யார் கொடுத்தார்கள் என்று முதல் புத்தகத்திலிருந்தே எழுதிவைத்துக்கொண்டு வந்தவர் பாவோலினி. கடைசி மந்திரத்துக்கு மட்டும் அந்தக் கணக்கை அவர் பார்க்கவில்லை. இதில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது, அந்த விலை என்னவென்று காட்டக்கூடிய ஒரே பாத்திரம் அந்த நேரத்தில் அரசன் சாகும் அரியணை மண்டபத்திலேயே நிற்கிறது என்பது.

விலைப்பட்டியல்

மந்திர விதிகளைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. முதல் குரு ப்ரோம் எராகனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இது: ஒரு வேலையைக் கையால் செய்தால் எவ்வளவு தெம்பு செலவாகுமோ, மந்திரத்தால் செய்தாலும் அவ்வளவுதான் செலவாகும். கல்லைத் தூக்கினால் கல்லின் எடை உடம்பில் இறங்கும். தூரம் கூடினால் செலவும் கூடும். கையிருப்புக்கு மேல் ஒரு மந்திரத்தைத் தொடங்கிவிட்டால் அது ஆளையே குடித்துவிடும். யாசுவாக் என்ற ஊரில் அர்கல்கள் என்ற கொம்புள்ள எதிரிகளை நோக்கி ‘பிரிசிங்கர்’ என்று கத்தி அம்பை எய்த பையன் அதன்பின் நினைவு தப்பிச் சாய்கிறான். பிறகு நாள்கணக்கில் உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு அதை மேலே எழுப்பப் பயிற்சி செய்கிறான். கதாநாயகன் கூழாங்கல்லோடு மல்லுக்கு நிற்பதை இத்தனை பொறுமையாக எழுதிய ஆசிரியரை நம்பலாம் என்று வாசகன் முடிவு செய்வது அந்த இடத்தில்தான். இனி இந்தப் பையன் ஒரு கோட்டையைத் தகர்த்தாலும், அதற்கான தெம்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை அது.

இரண்டாவது விதி சொல்லைப் பற்றியது. மந்திரம் சொல்லப் பயன்படும் பண்டை மொழியில் பொய் சொல்ல முடியாது, அதில் செய்த சத்தியத்தை மீற முடியாது. சொல்லில் ஒரு எழுத்து பிசகினாலும் மந்திரம் நீ நினைத்ததைச் செய்யாது, நீ சொன்னதைத்தான் செய்யும். இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து முதல் மூன்று புத்தகங்களுக்கும் முதுகெலும்பாக நிற்கின்றன. சண்டைக் காட்சிகளைக்கூட இவைதான் வடிவமைக்கின்றன. எதிரியை மலையளவு தீயால் எரிக்கத் தேவையில்லை, மூளைக்குப் போகும் ஒரு நரம்பைக் கிள்ளிவிட்டால் போதும், அதற்குச் செலவும் குறைவு. எராகனின் எல்ஃப் குரு ஓரொமிஸ் கற்றுத்தரும் பன்னிரண்டு மரணச் சொற்களின் பயங்கரம் அவை மலிவானவை என்பதில் இருக்கிறது.

விலை உடம்பில் இறங்குவதை மிக நெருக்கத்தில் காட்டும் இடம் எல்ஃப்கள் வாழும் எல்லெஸ்மேரா காட்டில் வருகிறது. தன் தெம்பு போதாதபோது சுற்றியுள்ள உயிர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஓரொமிஸ் கற்றுத்தருகிறார். எராகன் எடுக்கிறான். செடிகளும் பூச்சிகளும் ஒவ்வொன்றாக அணைவதை உள்ளிருந்தே உணர்கிறான், நிலைகுலைந்து போகிறான். அதற்கு முன்பே அதே காட்டில் ஒரு மரக்கட்டையில் உட்கார்த்தி, சுற்றியிருக்கும் எல்லா உயிர்களின் மனதையும் கேள் என்று அவனைப் பழக்கியிருந்தார் கிழவர். முதலில் அவன் எறும்புக் கூட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்து ஒப்பிக்கிறான். எறும்பைத் தவிர வேறொன்றும் இல்லையா என்று திருப்பி அனுப்புகிறார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் கேட்கத் தொடங்குகிறது. அப்படிக் கேட்டுப் பழகியவனுக்கு இறைச்சியைத் தொட மனம் வராமல் போகிறது. மரக்கட்டையில் உட்கார்ந்து எறும்பைக் கேட்ட இந்தப் பாடம்தான் கடைசி மந்திரத்துக்கு வேர். ஆகவே ‘பிறர் வலியை உணரவைத்தல்’ என்ற முடிவு திடீரென்று வானத்திலிருந்து குதித்ததில்லை. விதை இரண்டாம் புத்தகத்திலேயே மண்ணில் இருக்கிறது.

ஒரு எழுத்துப் பிசகு

இன்னொரு விதை அதைவிடப் பழையது, அதைவிட வலியது. முதல் புத்தகத்தில் மலைக்குள் இருக்கும் ஃபார்தன் டூரில் ஒரு கிழவி கைக்குழந்தையோடு வந்து ஆசி கேட்கிறாள். எராகன் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பண்டை மொழியில் ஆசி சொல்கிறான். ‘தீங்கிலிருந்து காக்கப்படுவாயாக’ என்பது அவன் எண்ணம். வாயில் வந்ததோ ‘தீங்குக்குக் கேடயமாக இருப்பாயாக’. ‘ஸ்கோலிரோ’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்கோலிர்’. ஓரெழுத்துதான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அது ஒரு இனிமையான காட்சியாகவே கடந்துபோகும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாம் புத்தகத்தில் ஓரொமிஸ் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அதில் இருக்கும் பிழையைக் காட்டுகிறார். வாசகனுக்கும் எராகனுக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கும்.

பிறகு அந்தக் குழந்தையைப் பார்க்கிறோம். பிறந்து அதிக காலம் ஆகவில்லை, அதற்குள் மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் உடம்பு, முதிர்ந்த பெண்ணின் குரல். சுற்றியுள்ளவர்களின் ஒவ்வொரு வலியும் அவளுக்குள் பாய்கிறது. வரப்போகும் காயத்தையும் முன்கூட்டியே உணர்கிறாள், ஓடிப்போய்த் தடுக்கச்சொல்லி உடம்பு உந்துகிறது. போர் நடக்கும் நாட்களில் அவள் படும் பாட்டை வார்த்தையில் சொல்ல முடியாது. அவள்தான் எல்வா. மூன்றாம் புத்தகமான ‘பிரிசிங்கர்’ கதையில் எராகன் தன் மந்திரத்தைத் திருப்பி எடுக்க முயல்கிறான். பாதிதான் எடுக்க முடிகிறது. வலியை உணரும் திறன் அவளிடம் நிற்கிறது, ஓடிப்போய்த் தாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் போகிறது.

இளையோருக்கான கற்பனைக் கதைகளில் இதற்கு இணையான ஒரு கண்டுபிடிப்பு எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. கதாநாயகனின் நல்லெண்ணமே ஒரு குழந்தையின் சாபமாகிறது. நம் பக்கத்தில் இதற்கு இணை தேடினால் கர்ணனிடம்தான் போக வேண்டும். பரசுராமரின் சாபமும், பசுவை இழந்த பிராமணனின் சாபமும் எப்போதோ, எங்கேயோ விழுந்தவை. கேட்பவன் அவற்றை மறந்தேபோயிருப்பான். பதினேழாம் நாள் போரில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும்போது, மந்திரம் நினைவுக்கு வராமல் போகும்போது, அந்தப் பழைய கடன்கள் எல்லாம் ஒரே நாழிகையில் வாசலில் வந்து நிற்கும். கடைசிப் போர் என்பதன் வேலையே அது. பழைய கடனை வசூலிக்க வேறு நல்ல இடம் கிடையாது.

உரூபேனில் நடப்பது

இப்போது அரசனின் தலைநகரான உரூபேனுக்கு, அதன் அரியணை மண்டபத்துக்கு வருவோம். அங்கே கட்டம் மிக நன்றாகப் போடப்பட்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். கால்பட்டோரிக்ஸ் பண்டை மொழியின் பெயரையே கண்டுபிடித்துவிட்டான். அந்தப் பெயரை வைத்திருப்பவன் அந்த மொழியில் எவர் சொல்லும் மந்திரத்தையும் அடக்கலாம், பிரிக்கலாம். பண்டை மொழியில் மந்திரம் சொல்லி அவனை வெல்ல முடியாது என்றாகிவிட்டது. மிச்சமிருப்பது சொல்லில்லா மந்திரம். அது சாத்தியம் என்பதும், ஆபத்து என்பதும் ஓரொமிஸ் ஏற்கனவே சொன்னவைதான். சொல் இல்லையென்றால் மந்திரத்துக்குக் கரை இல்லை, நடுவில் மனம் எங்கே அலைந்தாலும் மந்திரமும் அங்கே அலையும். மூன்று புத்தகங்களாகச் சொல்லுக்கு அஞ்சிக் கற்றவன் சொல்லைக் கைவிட்டால்தான் பிழைக்க முடியும் என்ற இந்த நிலை உண்மையாகவே அழகான பொறி.

மண்டபத்தில் இரண்டு குழந்தைகளைப் பணயமாக நிறுத்தியிருக்கிறான் அரசன். எராகனையும், சத்தியத்தால் தனக்குக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் மர்டாகையும் வாளோடு மோத விடுகிறான். சண்டையின் முடிவில் மர்டாகின் உண்மைப் பெயர், அதாவது அவன் யாரென்று பண்டை மொழியில் சொல்லும் பெயர், மாறிவிட்டிருக்கிறது. அரசனை எதிர்க்கும் படையின் தலைவி நசுவாடா மேல் கொண்ட அன்பால் ஆளே வேறாகிவிட்டான், அதனால் பழைய பெயரில் கட்டிய சத்தியம் அவனைப் பிடிக்கவில்லை. அரசன் வாயிலிருந்து கேட்ட அந்தப் பெயரைச் சொல்லியே அரசனின் காப்பு மந்திரங்களை உரித்துப்போடுகிறான். எராகன் சொல்லின்றி மந்திரம் விடுகிறான். அவன் அந்த நொடியில் விரும்புவது ஒன்றே ஒன்று: இவனுக்குத் தான் செய்தது புரிய வேண்டும். எல்டுனாரிகள், அதாவது இறந்த டிராகன்களின் நெஞ்சக் கற்கள், தெம்பைக் கொட்டுகின்றன. இன்னொரு பக்கம் எல்ஃப் இளவரசி அர்யா டாவ்த்டெர்ட் ஈட்டியால் அரசனின் டிராகன் ஷ்ருய்கனைக் கொல்கிறாள். தான் உண்டாக்கிய வலி முழுவதும் திரும்பி வந்து அழுத்த, கால்பட்டோரிக்ஸ் ‘வைசெ நெயாட்’, இல்லாமல் போ, என்று தனக்கே சொல்லி வெடித்துப்போகிறான்.

ஒவ்வொரு திருகும் விதிப்படி நடக்கிறது. ஆசிரியர் ஏமாற்றவில்லை. வெடிப்புக்குப் பிறகு உரூபேனைச் சுற்றிப் படியும் நச்சுக்கூட, வ்ரோயன்கார்ட் தீவில் துவியல் என்ற டிராகன் வீரன் தன்னையே வெடித்துக்கொண்டபோது நடந்ததன் மறுபதிப்புதான், அதையும் அதே புத்தகத்தில் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அப்படியானால் படித்து முடித்ததும் கை ஏன் வெறுமையாக இருக்கிறது?

அந்த மந்திரத்துக்கு எராகன் என்ன கொடுத்தான் என்று கேட்டுப் பாருங்கள். தெம்பு எல்டுனாரிகள் தந்தது. காப்புகளை உரித்தது மர்டாக். டிராகனைக் கொன்றது அர்யா. மந்திரம் முடிந்த பின் எராகனிடம் அதற்கு முன் இருந்த ஒன்றும் குறையவில்லை. சொல்லில்லா மந்திரம் அலைந்துவிடும் என்று அத்தனை எச்சரித்தார்களே, அது எங்கும் அலையவில்லை, யாரையும் தவறுதலாகத் தொடவில்லை. காட்டில் ஒரு எறும்பின் சாவு அவனை உலுக்கியது. இங்கே நூறாண்டுக் கொடுமையின் முழு வலியும் ஒரு மனிதனுக்குள் போகிறது, அதைச் செலுத்தும் குழாயாக இருந்தவன் மேல் ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

எல்வா அங்கேதான் இருக்கிறாள். தற்செயலாக வந்தவள் இல்லை. டிராஸ்-லியோனா நகரத்தின் சுரங்கத்துக்கு வர மறுத்துவிட்டாள், அங்கே வைர்டன் என்ற எல்ஃப் வீரன் இறந்துபோனான். அந்தக் குற்றவுணர்வோடுதான் உரூபேனுக்கு உடன் வருகிறாள். அரண்மனைப் பொறிகளை முன்கூட்டியே உணர்ந்து சொல்லி, மண்டபம்வரை அவர்களைக் கூட்டிச்செல்வதில் அவள் பங்கு பெரிது. உள்ளே நுழைந்ததும் கதை அவளுக்குப் பெரிதாக வேலை எதுவும் வைக்கவில்லை. எல்லார் வலியையும் உணரும்படி எராகனின் பிழையால் சபிக்கப்பட்ட குழந்தை ஒரு பக்கம். எல்லார் வலியையும் உணரும்படி எராகனால் மந்திரம் இடப்படும் அரசன் மறுபக்கம். ஒரே கையிலிருந்து போன ஒரே மந்திரம், முதல் முறை அறியாமையால், இரண்டாம் முறை அறிந்தே. நடுவில் நாலு புத்தகம். இரண்டையும் ஒரு வாக்கியம்கூட முடிச்சுப் போடவில்லை. பன்னிரண்டு ஆண்டு நெய்த துணியில், பாவும் ஊடும் சந்திக்க வேண்டிய ஒரே இழையில் தறியை நிறுத்திவிட்டது போல இருக்கிறது.

முடிச்சுப் போட்டிருந்தால் எப்படி என்று யோசிப்பது கடினமில்லை, அதற்கான பொருள்கள் எல்லாம் மேசைமேலேயே இருக்கின்றன. எராகனுக்குப் பிறர் வலி தெரியும், ஆனால் நூறாண்டு வலி தெரியாது. தெரியாததை இன்னொருவனுக்குள் செலுத்த முடியாது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வலியை உண்மையில் சுமந்து பழகியவள் எல்வா ஒருத்திதான். அவள் மனதைத் திறந்து கொடுக்க வேண்டும், அவன் அதை முதலில் தானே வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகுதான் அரசனுக்குள் செலுத்த முடியும். அப்போது அவன் செய்த முதல் பெரிய பிழையின் முழு எடை அவனுக்கே முதன்முறையாகத் தெரியவரும். அரசன் தாங்காமல் வெடித்த அதே வலியில் ஒரு பங்கு எராகனுக்குள்ளும் தங்கிவிடும். சொல்லில்லா மந்திரம் அலையும் என்ற எச்சரிக்கைக்கும் பொருள் வந்துவிடும். இதற்குப் புதிய பாத்திரம் வேண்டாம், புதிய விதி வேண்டாம். அதிகம் போனால் நான்கு பக்கம்.

வரமாக வந்த வெற்றிகள்

கடைசிப் புத்தகத்தில் தெரிந்த இந்த ஓட்டை அங்கே தொடங்கியதில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டாம் புத்தகத்திலேயே விரிசல் தெரிகிறது. முதல் புத்தகத்தில் டுர்ஸா என்ற மந்திரவாதியைக் கொன்றபோது எராகனின் முதுகில் விழுந்த காயம் ‘எல்டெஸ்ட்’ முழுக்க அவனை முறித்துப்போடுகிறது. வாட்பயிற்சியின் நடுவே இழுத்துக்கொண்டு விழுகிறான், அடுத்த முறை எப்போது வருமோ என்ற பயத்தோடு நடமாடுகிறான். வெற்றிக்குக் கொடுத்த விலையை அத்தனை பக்கங்களுக்கு நம்மோடு சுமக்கவைத்தவர், குருதி உறுதி விழா இரவில் டிராகன்களின் அருள் ஒன்றை இறக்கிக் காயத்தை முழுக்கத் துடைத்துவிடுகிறார். காயம் போவதோடு எல்ஃப்களின் வேகமும் வலிமையும் கூடவே வந்துவிடுகின்றன. மூன்றாம் புத்தகத்தில் மெனோவா மரம் தன் வேரடியிலிருந்து ஒளியெஃகைக் கொடுக்கிறது, வாள் பிறக்கிறது. நான்காம் புத்தகத்தில் குத்தியன் பாறை திறக்கிறது, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட எல்டுனாரிகளும் டிராகன் முட்டைகளும் காத்திருக்கின்றன.

பாறை திறப்பது ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. பூனை உருவில் திரியும் சோலெம்பம் முதல் புத்தகத்திலேயே இரண்டு அறிவுரையாக இவற்றைச் சொல்லிவிட்டது: ஆயுதம் தேவைப்படும்போது மெனோவா மரத்தின் வேரடியில் தேடு, எல்லாம் கைவிட்டுப்போய் உன் வலிமை போதாதபோது குத்தியன் பாறைக்குப் போய் உன் பெயரைச் சொல். பாறையைத் திறக்கத் தன் உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதும் நல்ல நிபந்தனைதான். அந்தப் பெயரைத் தேடி எராகன் தன் குறைகளை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளும் பகுதி புத்தகத்தின் நிதானமான இடங்களில் ஒன்று. சிக்கல் என்னவென்றால், முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மட்டும் வரம் சம்பாத்தியம் ஆகிவிடாது. இரண்டாயிரம் பக்கமாகப் போதாமல் இருந்த தெம்பு, ஒரு தீவுப் பயணத்தில் போதும் போதும் என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. அதன்பின் கூழாங்கல் கணக்கு செல்லாது. கணக்கு வைத்துப் படித்த வாசகனுக்கு இனி எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

இதை ஒட்டிப் பார்க்க அதே கதையில் எராகனின் மாமன் மகன் ரோரன் இருக்கிறான். மந்திரம் தெரியாதவன், கையில் ஒரு சம்மட்டி. மூன்றாம் புத்தகத்தில் ஒரு மோதலில் தனியாக 193 பேரை வீழ்த்துகிறான், மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்காக அதற்குப் பின் 50 கசையடி வாங்குகிறான். வென்றவனுக்கும் அடி விழும் என்ற அந்த இடத்தில் பாவோலினியின் கை எவ்வளவு உறுதியாக இருக்கிறது! நான்காம் புத்தகத்தில் அரோஸ் நகரத்தைப் பிடிக்க அவனுக்குக் கொடுக்கப்படுவது மிகச் சில நாட்கள். கால்வாயைப் பார்க்கிறான், படகுகளில் கல்லேற்றி, தடுத்துவைத்த நீரைத் திறந்து, அந்த வேகத்தில் கோட்டைக் கதவை இடித்துத் திறக்கிறான். நகரம் கிடைக்கிறது, நண்பன் கார்ன் சாகிறான். கடைசிப் போரில் எவராலும் தொட முடியாத அரசனின் தளபதி பார்ஸ்டின் வலிமை அவன் மார்புக் கவசத்தின் உள்ளே இருக்கும் எல்டுனாரியால் வருகிறது என்று கண்டுபிடித்து, அவனை முடிப்பதும் ரோரன்தான். அதற்குள் எல்ஃப் அரசி இஸ்லான்சாடி விழுந்துவிட்டாள். ரோரனின் பகுதிகளில் ஒவ்வொரு வெற்றிக்கும் பக்கத்திலேயே ஒரு நட்டம் எழுதியிருக்கிறது. அந்த அத்தியாயங்களை எழுதிய அதே மனிதர் அரியணை மண்டபத்தில் மட்டும் ஏன் கைதளர்ந்தார் என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு காரணம் கட்டமைப்பில் இருக்கலாம். இது முதலில் மூன்று புத்தகமாகத் திட்டமிட்ட கதை. 2007 அக்டோபரில்தான் நான்கு என்று அறிவித்தார். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய பையனுக்கு, கடைசிப் புத்தகம் வரும்போது இருபத்தெட்டு நிறையச் சில நாட்களே மிச்சம். ஒரு புத்தகத்தை இரண்டாகப் பிரிக்கும்போது நடுப்பகுதி தடித்துவிடும். ‘பிரிசிங்கர்’ கதையில் குள்ளர்களின் அரசர் தேர்வுக்கும் வாள் வார்ப்புக்கும் கிடைத்த விரிவு அப்படி வந்தது. எல்டுனாரி என்ற கருத்தே அந்த மூன்றாம் புத்தகத்தில்தான் வாசகனுக்குச் சொல்லப்படுகிறது. கதையின் மொத்த ஆற்றலும் எதில் இருக்கிறதோ, அந்தப் பொருள் பாதி தாண்டிய பிறகு அறிமுகமானால், அதன் விலையை வாசகன் மனதில் ஊறவைக்க இடம் போதாது. கூழாங்கல்லுக்குக் கிடைத்த நேரம் எல்டுனாரிக்குக் கிடைக்கவில்லை.

போகிறேன் என்றவன் ஏன் போனான்

கொடுத்த விலை இல்லாமல் இல்லையே, எராகன் நாட்டையே விட்டுப் போகிறானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், போகிறான். முட்டைகளையும் எல்டுனாரிகளையும் ஏற்றிக்கொண்டு, அர்யாவும் அவனும் உண்மைப் பெயர்களைப் பரிமாறிக்கொண்ட பின், கப்பலேறிக் கிழக்கே போகிறான். அந்தப் பிரிவு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் போவதற்குக் காரணம் மண்டபத்தில் செய்தது எதுவுமில்லை. முதல் புத்தகத்தில் மூலிகைக்காரி ஏஞ்சலா எலும்புகளை உருட்டிக் குறி பார்த்து, இந்த மண்ணை விட்டு என்றைக்குமாகப் போவாய் என்று சொல்லிவிட்டாள், அதனால் போகிறான். டிராகன்களை வளர்க்க ஒதுக்கமான இடம் வேண்டும் என்று சொல்லப்படும் காரணம், முன்பே முடிவான பயணத்துக்குப் பின்னால் தேடிப்பிடித்த காரணமாகவே தெரிகிறது. டிராகன்மேல் பறக்கத் தெரிந்தவனுக்கும் டிராகன்மேல் பறக்கத் தெரிந்தவளுக்கும் நடுவே எந்தத் தூரம் நிரந்தரத் தூரம் என்று கேட்கும் வாசகனுக்குப் புத்தகம் திருப்தியான பதில் சொல்லவில்லை. செய்த காரியம் ஒரு பக்கம், இழந்த பொருள் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டவில்லை. எல்வாவிடமிருந்து வாங்கிய வலி உள்ளே தங்கியிருந்தால், மக்கள் நெருக்கத்தில் இனி வாழ முடியாது என்று அவன் ஆகியிருந்தால், அதே கப்பல், அதே ஆறு, அதே பிரிவு வேறு கனத்தோடு நின்றிருக்கும்.

விடை சொல்லாமல் விட்ட மர்மங்களைப் பற்றி எனக்கு வருத்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சலா உண்மையில் யார் என்று கடைசிவரை தெரியாததைப் பெருங்குறையாகச் சிலர் எண்ணுகிறார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை, முடிந்தது போதவில்லை என்று வாசகர்கள் கேட்டபிறகு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் ‘பொன்னியின் செல்வன்’ ஏமாற்றிவிட்டது என்று யாரும் புத்தகத்தை மூடுவதில்லை. கடைசி அத்தியாயத்தில் மணிமேகலையின் உயிர் வந்தியத்தேவன் மடியில் பிரிகிறது. அவன் விளையாட்டாகக் கடந்துவந்த ஒரு அன்புக்கு அங்கே விலை கேட்கப்படுகிறது, அவனும் அதைக் கொடுக்கிறான். கேள்வி பதிலில்லாமல் நிற்கலாம். கடன் நிற்கக்கூடாது.

இத்தனைக்கும் இதே ‘இன்ஹெரிட்டன்ஸ்’ புத்தகத்தில் விலை என்றால் என்னவென்று மிகச் சரியாகத் தெரிந்த ஒரு பகுதி இருக்கிறது. நசுவாடா பிடிபட்டுக் குறிசொல்பவளின் மண்டபத்தில் கட்டிக்கிடக்கும் அத்தியாயங்கள். கால்பட்டோரிக்ஸ் அங்கே பெரும்பாலும் குரலாகவே வருகிறான். நயமாகப் பேசுகிறான், சூடு வைக்கச் சொல்கிறான், மனதுக்குள் பொய்க்காட்சிகளை நுழைக்கிறான். எது உண்மை, எது அவன் நுழைத்தது என்று பிரித்தறிய நசுவாடா சின்னச்சின்ன அடையாளங்களைப் பற்றிக்கொண்டு தொங்குகிறாள். அவளை வதைக்க ஏவப்பட்டவனும் இரவில் வந்து ஆறுதல் சொல்பவனும் ஒரே மர்டாக். மண்டபத்தில் அவன் பெயர் மாறியது என்று படிக்கும்போது நாம் தயங்காமல் நம்புவது, அதற்கு முன் அவர்கள் இருவரும் கொடுத்ததை இத்தனை நெருக்கத்தில் பார்த்துவிட்டதால்தான். நியாயமாகப் பார்த்தால் கால்பட்டோரிக்ஸை வீழ்த்திய கதை மர்டாகின் கதை. புத்தகம் அதை எராகன் பெயரில் பதிந்துவிட்டது.

பாவோலினியும் இதை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 நவம்பரில் அந்த உலகத்துக்கு ஒரு முழுநீள நாவலோடு திரும்பியபோது அவர் எராகனிடம் போகவில்லை, மர்டாகிடம் போனார். அவன் பெயரே புத்தகத்தின் பெயர். போர் முடிந்துவிட்டது, கொடுங்கோலன் இல்லை, சத்தியங்கள் அறுந்துவிட்டன. ஆனால் மர்டாகின் டிராகன் தார்ன் நெருக்கமான இடங்களுக்குள் நுழைய முடியாமல் தவிக்கிறது. நகரத்தின் குறுகலான தெருவில் சுவர்கள் இருபுறமும் நெருங்கினால் அதற்கு உடம்பு நடுங்குகிறது. கோட்டையையே எரிக்கக்கூடிய மிருகம் வெட்டவெளியில் காத்திருக்க, மர்டாக் தனியாக ஊருக்குள் நடந்து போகிறான்.